செப்டம்பர் 18: சீன-ஜப்பானியப் போர் ஏன் இன்னும் ஆறாமல் கிடக்கிறது?

சூஜோவாசி | செப்டம்பர் 18, இரவு 9:12

நான் ஐந்து வருஷம் சீனாவின் சூஜோ நகரில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் இந்தத் தேதி நெருங்கும்போது ஜப்பானிய ஊழியர்களுக்கு மட்டும் ஒரு மெயில் வரும். வெளியே சத்தமாக ஜப்பானிய மொழி பேச வேண்டாம், மதியச் சாப்பாட்டைக் கேண்டீனிலேயே முடித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள் என்று இருக்கும். முதல் வருஷம் என் மேலதிகாரி அதைக் காட்டியபோது எனக்கு விளங்கவில்லை. 1931-ல் நடந்த ஏதோ ஒன்றுக்காக இன்றைக்கு மதியம் நூடுல்ஸ் கடைக்குப் போகக் கூடாதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

பதில் எனக்கு ஒரு டிசம்பர் 13 அன்று கிடைத்தது. உதிரிபாகம் செய்பவரைப் பார்க்க நானும் அவரும் நான்ஜிங் போயிருந்தோம். 1937-ல் அந்த ஊர் ஜப்பானியப் படையிடம் விழுந்த நாள் அது. காலை பத்து மணி தாண்டி ஒரு நிமிஷம். ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. எங்கள் ஓட்டுநர் நட்டநடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரனை அழுத்திப் பிடித்தார். எல்லா வண்டிகளும் அப்படியே. நடந்து போனவர்கள் நின்ற இடத்தில் தலை குனிந்து நின்றார்கள். என் மேலதிகாரி கதவைத் திறந்து இறங்கி, இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக் குனிந்து நின்றார். சங்கு நின்ற பிறகும் அவர் நிமிரவில்லை. ஓட்டுநர்தான் சுற்றி வந்து அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். அன்று மாலை வரை மூன்று பேரும் வேலையைத் தவிர வேறு பேசவில்லை.

2024 ஜூன் 24 அன்று அதே சூஜோவில் ஜப்பானியப் பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு தாயையும் பிள்ளையையும் ஒருவன் கத்தியால் குத்தினான். பேருந்துக்குள் ஏறவிடாமல் அவனைப் பிடித்த சீனப் பெண்மணி இறந்துபோனார். பெய்ஜிங்கில் ஜப்பானியத் தூதரகம் அவருக்காகக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஷென்சென் நகரில் பள்ளிக்குப் போன பத்து வயது ஜப்பானியப் பையன் குத்திக் கொல்லப்பட்டான். தேதி செப்டம்பர் 18.

அந்தப் பையனின் அப்பாவே பிறக்காத காலத்துப் போர் இது. படித்தவர்கள், அந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள். எங்கே தவறிப்போனது?

---

நேர்கோடு | செப்டம்பர் 18, இரவு 9:51

நேராகவே சொல்கிறேன். சீன அரசு ஆற விடவில்லை. மாவோ காலத்தில் இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. 1960-களில் மன்னிப்புக் கேட்க வந்த ஜப்பானிய சோசலிஸ்ட் தலைவர்களிடம், நீங்கள் படையெடுத்திருக்காவிட்டால் நாங்கள் ஆட்சிக்கே வந்திருக்க மாட்டோம் என்கிற பொருளில் பேசியவர் மாவோ. நான்ஜிங் படுகொலை நினைவகம் திறந்ததே 1985-ல்தான். 1989 தியானன்மென் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு இளைஞர்களைக் கட்டிவைக்க ஒரு கயிறு தேவைப்பட்டது. 1994-ல் தேசபக்திக் கல்வி என்று ஆரம்பித்தார்கள். டிவியைத் திருகினால் ஏதாவது ஒரு சேனலில் ஜப்பானிய சிப்பாயை அடிக்கிற தொடர் ஓடும். அதைப் பார்த்து வளர்ந்த ஒருவன் கத்தியை எடுத்தால் யாரைக் குறை சொல்வது?

ஜப்பான் பக்கம் பாருங்கள். 1995-ல் பிரதமர் முராயாமா, காலனி ஆட்சியாலும் ஆக்கிரமிப்பாலும் ஆசிய மக்களுக்குத் துன்பம் விளைவித்தோம் என்று மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டார். 1979-லிருந்து மலிவு வட்டியில் கடன், நன்கொடை என்று 3 லட்சம் கோடி யென்னுக்கு மேல் சீனாவுக்குப் போயிருக்கிறது. ரயில், துறைமுகம், விமான நிலையம் எல்லாம் அதில் வந்தவை. இன்னும் எத்தனை தலைமுறை தலை குனிந்து நிற்க வேண்டும்?

---

வரலாற்று டீச்சர் | செப்டம்பர் 18, இரவு 11:30

நேர்கோடு தம்பி சொன்ன தகவல்களில் பிழை இல்லை. ஆனால் கதையைக் கடைசி அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்கிறார். முப்பது வருஷம் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். நம் புத்தகங்களில் இந்தப் போருக்கு ஒரு பத்திதான் இருக்கும். பேர்ல் ஹார்பருக்கு வந்தவுடன் உலகப்போர் சூடுபிடித்துவிடும். அதற்குள் சீனாவில் எத்தனை லட்சம் பேர் செத்து முடிந்திருந்தார்கள் என்று நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வருத்தத்தில் எழுதுகிறேன்.

1931 செப்டம்பர் 18 இரவு, சீனாவின் வடகிழக்கான மஞ்சூரியாவில், முக்டன் (இன்றைய ஷென்யாங்) ஊருக்கு வெளியே தென் மஞ்சூரிய ரயில் பாதையில் ஒரு சின்ன வெடி. வைத்தவர்கள் அந்தப் பாதையைக் காவல் காத்த ஜப்பானின் குவாண்டுங் படை அதிகாரிகள். தண்டவாளம் பெயர்ந்தது கொஞ்ச தூரம். சற்று நேரத்தில் வந்த ரயில் அதன்மேலேயே ஓடிப் போய்விட்டது. ஆனால் பழி சீனர்கள்மீது விழுந்தது, சில மாதங்களில் மஞ்சூரியா முழுக்கப் பறிபோனது. 1932-ல் கடைசிச் சீனச் சக்கரவர்த்தி பூயியைப் பொம்மையாக உட்கார வைத்து மஞ்சுகோ என்று ஒரு நாட்டை அறிவித்தார்கள். உலக நாடுகள் சங்கம் விசாரணைக் குழு அனுப்பியது, அறிக்கை வந்தது, ஜப்பான் 1933-ல் சங்கத்தைவிட்டே வெளியேறியது. அதோடு சரி.

பிறகு 1937 ஜூலை 7, பெய்ஜிங்குக்குப் பக்கத்தில் மார்க்கோ போலோ பாலம். இரவுப் பயிற்சியில் ஒரு ஜப்பானிய சிப்பாயைக் காணோம் என்று ஆரம்பித்த தகராறு. அந்த சிப்பாய் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். போர் நிற்கவில்லை. ஆகஸ்டில் ஷாங்காய், மூன்று மாதம் தெருத்தெருவாகச் சண்டை. டிசம்பர் 13 அன்று தலைநகர் நான்ஜிங் விழுந்தது.

ஒரு விஷயம் கவனியுங்கள். 1941 டிசம்பர் வரை இரண்டு நாடுமே முறையாகப் போர் அறிவிக்கவில்லை. அறிவித்தால் அமெரிக்காவின் நடுநிலைச் சட்டப்படி தளவாடம் வாங்க முடியாமல் போய்விடும். அதனால் ஜப்பானில் இதற்கு ‘சீனச் சம்பவம்’ என்று பெயர். லட்சக்கணக்கான படை இறங்கிய பிறகும் சம்பவம்தான். கைதிகளுக்கான சர்வதேச விதிகளை ஒதுக்கிவைக்க அந்தப் பெயர் வசதியாக இருந்தது. நான்ஜிங்கில் சரணடைந்த சிப்பாய்களை யாங்சி ஆற்றங்கரையில் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள்.

நகரம் விழுந்த பிறகு ஆறு வாரம் நடந்த படுகொலையை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். ஜான் ராபே என்ற ஜெர்மானியர், சீமென்ஸ் நிறுவனத்தின் நான்ஜிங் பொறுப்பாளர், நாஜிக் கட்சி உறுப்பினர். ஜப்பானிய விமானங்கள் தன் வீட்டில் குண்டு போடாதிருக்கத் தோட்டத்தில் ஸ்வஸ்திகா போட்ட பெரிய கித்தான் துணியை விரித்துக் கட்டினார். அதன் அடியில் அக்கம்பக்கத்து ஜனம் ஒண்டியது. அந்த வீட்டிலும் தோட்டத்திலும் மட்டும் 600 பேருக்கு மேல் இருந்தார்கள். இரவில் சுவரேறிக் குதிக்கும் சிப்பாய்களைத் தன் கட்சிச் சின்னத்தைக் காட்டி விரட்டினார். அவரும் அமெரிக்க மிஷனரிகளும் சேர்ந்து நடத்திய பாதுகாப்பு வட்டாரத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் பிழைத்தார்கள். போருக்குப் பிறகு பெர்லினில் ராபே குடும்பம் பட்டினி கிடந்தபோது, 1948-ல் நான்ஜிங் மக்கள் பணம் வசூலித்து, உணவுப் பொட்டலம் அனுப்பினார்கள். அப்போது அவர்களுக்கே நிறையச் சாப்பாடு இருந்ததா என்ன?

---

நேர்கோடு | செப்டம்பர் 19, காலை 7:05

டீச்சர், மரியாதையோடு ஒரு கேள்வி. செத்தவர்கள் 3,00,000 என்று நான்ஜிங் நினைவகச் சுவரில் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்களே, அது உறுதியான கணக்கா?

---

வரலாற்று டீச்சர் | செப்டம்பர் 19, காலை 8:20

3 லட்சம் என்பது 1947-ல் நான்ஜிங் போர்க்குற்றத் தீர்ப்பாயம் சொன்னது. டோக்கியோ தீர்ப்பாயம் 2 லட்சத்துக்கு மேல் என்றது. ராபே அப்போதே 50,000, 60,000 என்று எழுதினார், அது அவர் கண்ணுக்கு எட்டிய எல்லைக்குள். இரு நாட்டு வரலாற்றாசிரியர்களும் சேர்ந்து 2006-ல் தொடங்கிய கூட்டு ஆய்வில் ஜப்பானியத் தரப்பு, 2 லட்சத்தை உச்சமாக வைத்து, 40,000, 20,000 என்று வெவ்வேறு மதிப்பீடுகள் இருப்பதாகப் பதிவு செய்தது. ஆனால் படுகொலை நடந்தது என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனார்கள். ஜப்பானிய அரசின் நிலையும் அதுதான்: பொதுமக்களைக் கொன்றதையும் கொள்ளையையும் மறுக்க முடியாது, எண்ணிக்கையை உறுதியாகச் சொல்வது கடினம்.

எனக்கு வலிப்பது வேறு. எண்ணிக்கையை வைத்து வழக்காட ஆரம்பித்தவுடன் செத்தவர்கள் மறைந்துவிடுகிறார்கள். 20,000 என்றால் சரி என்று யாராவது சொல்ல முடியுமா, தம்பி?

---

பொருநைக்கரை | செப்டம்பர் 19, மதியம் 1:15

எல்லாவற்றையும் படித்தேன். மனசு ஒப்பவில்லை. எங்கள் ஊரில் ஐ.என்.ஏ.வில் இருந்த பெரியவர் ஒருவர் கடைசிவரை காக்கிச் சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்திருந்தார். ஜப்பான் இல்லாவிட்டால் நேதாஜிக்குப் படை ஏது என்பார். வெள்ளைக்காரனை ஆசியாவைவிட்டு விரட்டியவன் ஜப்பான்காரன் என்று கேட்டே வளர்ந்தோம். அதே படையை இப்படிப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. வெற்றி பெற்றவர்கள் எழுதிய வரலாறாக இருக்கக் கூடாதா?

---

கிள்ளான் பேரன் | செப்டம்பர் 19, மாலை 6:40

பொருநைக்கரை அண்ணே, கோபமில்லாம சொல்றேன். மலாயாவுல எங்க தோட்டத்துலயும் ஐ.என்.ஏ.வுல சேர்ந்தவங்க இருந்தாங்க. அவங்க பட்ட பாடு பொய்யில்ல. ஆனா அதே லயத்துலேர்ந்து சயாமுக்கு (இப்போ தாய்லாந்து) ரயில் போடப் போனவங்களும் இருந்தாங்க. எங்கம்மாவோட தாத்தா 1943-ல போனவரு. கூலி உண்டு, அரிசி உண்டு, மூணு மாசத்துல திரும்பிடலாம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. சில தோட்டத்துல இலவச சினிமான்னு சொல்லி ஆளைச் சேர்த்து அப்படியே லாரியில ஏத்துனதா பாட்டி சொல்வாங்க. அவரு திரும்பல. 415 கிலோமீட்டர் பாதை, ஒரே வருஷத்துல போட்டு முடிச்சாங்க. வெள்ளைக்காரக் கைதிங்க செத்த கணக்கு இருக்கு, ஆளாளுக்குத் தனிக் கல்லறை இருக்கு. நம்மாளுங்களுக்குப் பேர்கூட இல்ல.

சீன விஷயத்துக்கு வர்றேன். 1937-லேர்ந்தே மலாயா, சிங்கப்பூர் சீனவங்க டான் கா கீ தலைமையில சீனாவுக்கு நிதி சேர்த்து அனுப்பினாங்க. 3,000 பேருக்கு மேல ஓட்டுநர், மெக்கானிக்கா பர்மா ரோட்டுல லாரி ஓட்டவே போனாங்க. அந்தக் கோபத்தை ஜப்பான்காரன் 1942 பிப்ரவரியில சிங்கப்பூர்ல தீர்த்துக்கிட்டான். சீன ஆம்பளைங்களை வரிசையா நிக்க வச்சு, சந்தேகப்பட்டவங்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டாங்க. அந்தப் போர் சீனாவுல மட்டும் நடக்கல. 1967-ல சிங்கப்பூர்ல கட்டின நினைவுத்தூண்ல நாலு மொழியில எழுதியிருக்காங்க, அதுல தமிழும் இருக்கு. போனா படிச்சுப் பாருங்கண்ணே.

---

வரலாற்று டீச்சர் | செப்டம்பர் 19, இரவு 8:02

பொருநைக்கரை, உங்கள் ஊர்ப் பெரியவரை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நேதாஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1937-ல் ‘மாடர்ன் ரெவ்யூ’ இதழில் ஜப்பானின் சீனப் படையெடுப்பைக் கண்டித்து எழுதியவர் அவர். 1938-ல் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது ஐந்து மருத்துவர்களைச் சீனாவுக்கு அனுப்பிவைத்ததில் அவருக்கும் பங்குண்டு. அந்த ஐவரில் ஒருவர் சோலாப்பூர்க்காரர் துவாரகாநாத் கோட்னிஸ். வட சீனாவில் கெரில்லாப் படைகளோடு மலைமலையாகத் திரிந்து அறுவை சிகிச்சை செய்தார். அங்கேயே குவோ சிங்லான் என்ற செவிலியரை மணந்தார். பிள்ளைக்கு இந்தியா, சீனா இரண்டின் எழுத்தையும் சேர்த்து ‘இன்ஹுவா’ என்று பெயர். 1942 டிசம்பரில் வலிப்பு வந்து இறந்தார், வயது 32. ஷிஜியாஜுவாங்கில் அவர் கல்லறைக்கு இன்றும் பூ வைக்கிறார்கள்.

ஐந்து வருஷம் கழித்து அதே போஸ், டோக்கியோவின் துணையைத் தேடிப் போனார். அடிமை நாட்டின் தலைவருக்கு அன்று கிடைத்த வழி அது. அந்த வழியில் போனதால் நான்ஜிங்கும் சயாம் ரயிலும் நடக்காமல் போய்விடாது.

---

மூன்றாம்மாடி | செப்டம்பர் 19, இரவு 10:48

டோக்கியோவில், நிஷிகசாயில் இருக்கிறேன். ஒன்பது வருஷம் ஆகிறது.

நேர்கோடு சொன்ன மன்னிப்புகள் உண்மை. ஆனால் இங்கே ஒரு கை கும்பிடும்போது இன்னொரு கை வேறு வேலை செய்கிறது. போரில் இறந்தவர்களை வணங்கும் யாசுகுனி கோவிலில் 1978-ல் பிரதானப் போர்க் குற்றவாளிகள் 14 பேரைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். நான்ஜிங் படைக்குத் தளபதியாக இருந்த மட்சுயி இவானேயும் அதில் ஒருவர். அடுத்த வருஷம்தான் செய்தி வெளியே வந்தது. சக்கரவர்த்தி ஹிரோஹிதோவே 1975-க்குப் பிறகு அங்கே போகவில்லை. ஆனால் நாகசோனே, கொய்சுமி, அபே என்று பிரதமர்கள் போனார்கள். போய்விட்டு வந்து, வருந்துகிறோம் என்றும் சொன்னார்கள். கேட்பவருக்கு எதை எடுத்துக்கொள்வது என்று எப்படித் தெரியும்?

நானும் அங்கே போயிருக்கிறேன். வளாகத்துக்குள் நம்மூர் நீதிபதி ராதாபினோத் பாலுக்கு ஒரு நினைவுக்கல் 2005-லிருந்து இருக்கிறது. டோக்கியோ தீர்ப்பாயத்தில் எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்று எழுதியவர். அதற்காக அவரைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் நான்ஜிங்கில் கொடுமை நடந்ததற்குச் சாட்சியம் மலைபோல் இருக்கிறது என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார். சண்டையைத் தொடங்கியதே குற்றம் என்று பிற்பாடு சட்டம் வகுத்துத் தண்டிக்க முடியாது என்பதுதான் அவர் வாதம். அதை இங்கே யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பக்கத்தில் அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் கூடத்தில் ஒரு ஜீரோ போர் விமானம், அதோடு கருப்பு வண்ணத்தில் பளபளவென்று ஒரு நீராவி எஞ்சின். சி 56 31. சயாம்-பர்மா பாதையில் ஓடியது, தாய்லாந்திலிருந்து வாங்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கிள்ளான் பேரன், உங்கள் பதிவைப் படித்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பாதையில் இறந்த கூலிகளைப் பற்றி அங்கே எதுவும் என் கண்ணில் படவில்லை.

---

பனங்கூடல் | செப்டம்பர் 20, அதிகாலை 2:10

நான் யாழ்ப்பாணம், இப்ப டொரொண்டோ. எல்லாரும் மன்னிப்பைப் பற்றிக் கதைக்கிறீங்கள். கணக்கு எங்க தீர்க்கப்பட்டது எண்டதையும் பாக்கவேணும்.

1951 சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாடு. இலங்கை சார்பில போனவர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா. பகை பகையால தணியாது, அன்பாலதான் தணியும் எண்ட புத்தர் வாக்கைச் சொல்லி, எங்களுக்கு நட்டஈடு வேண்டாம் எண்டார். ஜப்பானியர் அதை இண்டைக்கும் மறக்கேல்லை. 1983-ஐக் கண்ட ஆக்களுக்கு அந்த மனிசன் அப்பிடிப் பேசினதை வாசிக்கேக்க தொண்டை அடைக்கும், அது வேற கதை. நான் சொல்ல வாறது, அந்த மண்டபத்தில சீனா இல்லை. எட்டு வருசம் நேருக்குநேர் சண்டை பிடிச்சு, ஒரு கோடிக்கு மேல சனத்தைப் பறிகுடுத்த நாட்டை அழைக்கேல்லை. சீனா எண்டால் பெய்ஜிங்கில இருந்த கம்யூனிஸ்ட் அரசா, தைவானில தாய்பேயில இருந்த அரசா எண்டு அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஒத்துப்போகாததால ரெண்டையும் விட்டிட்டினம். அடி வாங்கினவன் இல்லாமலே பஞ்சாயத்து முடிஞ்சுது.

பிறகு 1972. ஜப்பானியப் பிரதமர் தனாகா பெய்ஜிங் போனார். விருந்தில பேசேக்க, சீன மக்களுக்குப் பெரிய ‘மெய்வாகு’ குடுத்திட்டம் எண்டார். ஜப்பானிய மொழியில அது கனமாயும் வரக்கூடிய சொல்லு. சீனத்தில மொழிபெயர்த்தபோது ‘தொந்தரவு’ எண்டு விழுந்துது. மண்டபம் உறைஞ்சு போச்சு. தெரியாமல் ஒரு பெண்ணின்ர பாவாடையில தண்ணி தெறிச்சால் சொல்லுற சொல்லெல்லோ இது எண்டு சீனத்தரப்பு கேட்டுது. கடைசியில கூட்டறிக்கையில, பொறுப்பை ஆழமா உணர்ந்து தங்களைத் தாங்களே கடிஞ்சுகொள்ளுறம் எண்டு எழுதிச் சமாளிச்சினம். அதே அறிக்கையில சீன அரசு போர் நட்டஈடு கேக்கமாட்டம் எண்டு கைவிட்டது.

ஆர் கைவிட்டது? சனமா?

---

நேர்கோடு | செப்டம்பர் 20, காலை 9:33

பனங்கூடல் கேட்டது நியாயமான கேள்வி. இரவு யோசித்தேன். ஆனால் அதையே சீன அரசிடமும் கேட்க வேண்டும். 1938 ஜூனில் ஜப்பானியப் படையைத் தடுக்க ஹுவாயுவான்கோவில் மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்துவிட்டது அன்று சீனாவை ஆண்ட குவோமின்டாங் கட்சித் தலைவர் சியாங் கை ஷேக்கின் படை. ஊர்களுக்கு எச்சரிக்கை கிடையாது. வெள்ளத்திலும் பின்னால் வந்த பசியிலும் நோயிலும் செத்தவர்கள் பல லட்சம். 1942-ல் அதே ஹெனான் மாகாணத்தில் பஞ்சம், அப்போதும் படைக்குத் தானியம் பிடுங்கினார்கள். போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில், ஜப்பானோடு சண்டை போட்ட குவோமின்டாங் சிப்பாய்களைத் துரோகி என்று துன்புறுத்தினார்கள். முன்வரிசையில் பெரும் சண்டைகளைப் போட்டது அவர்கள்தான் என்று பெய்ஜிங் வாய் திறந்து சொல்லவே 2005 ஆயிற்று. செத்தவர்களை மதிக்கிறோம் என்று சங்கு ஊதுகிறவர்கள் இதற்கெல்லாம் ஊதுவார்களா?

---

சூஜோவாசி | செப்டம்பர் 20, மதியம் 12:17

நேர்கோடு, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நீங்களும் பனங்கூடலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இரண்டு அரசும் தங்களுக்குள் தீர்த்துக்கொண்டன. பட்டவன் வெளியே நின்றான். ஒரே ஒரு ஆளின் கதையை எழுதுகிறேன்.

லியூ லியான்ரென், ஷாண்டோங் மாகாணத்து விவசாயி. 1944-ல் ஊரில் வைத்தே பிடித்து, ஜப்பானின் வடகோடி ஹொக்கைடோ தீவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். இப்படிக் கொண்டுபோகப்பட்ட சீனர்கள் சுமார் 39,000 பேர், அதில் 6,830 பேர் திரும்பவில்லை. 1945 ஜூலையில் லியூ தப்பி ஓடினார். அடுத்த மாதமே போர் முடிந்துவிட்டது. அவருக்கு யார் சொல்வது? மலையில் குழி தோண்டி, குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் சுருண்டு கிடந்தார். காட்டுக் கீரை, கடற்கரையில் ஒதுங்கும் பாசி, வயலில் திருடிய உருளைக்கிழங்கு. 1958 பிப்ரவரியில் ஒரு வேட்டைக்காரர் கண்டுபிடிக்கும்வரை 13 வருஷம் இப்படியே. வெளியே வந்தவரை, நீ கள்ளத்தனமாக நாட்டுக்குள் நுழைந்தவனா என்று முதலில் விசாரித்தார்கள். ஊர் திரும்பியபோது, அவரைப் பிடித்துப் போனபோது மனைவி வயிற்றில் இருந்த பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. அதுவரை அப்பாவைப் பார்த்திராத பையன்.

1996-ல் டோக்கியோவில் வழக்குப் போட்டார். 2000-ல் இறந்தார். 2001-ல் கீழ்க் கோர்ட் 2 கோடி யென் கொடுக்கச் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்தது, தீர்ப்பு கவிழ்ந்தது. 2007-ல் உச்ச நீதிமன்றம், 1972 கூட்டறிக்கையோடு தனிநபர்களும் கோர்ட்டில் கேட்கும் உரிமையை இழந்துவிட்டார்கள் என்று இதுபோன்ற வழக்குகளை மொத்தமாக மூடியது. அவர் பனிக்குழியில் கிடந்த வருஷங்களை சீனப் பிரதமர் சௌ என்லாயும் தனாகாவும் விருந்து மேஜையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சில கம்பெனிகள் பிற்பாடு தாமாக முன்வந்து பணம் கொடுத்தன. 2016-ல் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் ஆளுக்கு ஒரு லட்சம் யுவான் தருவதாக மன்னிப்போடு ஒப்புக்கொண்டது. அந்த வழக்குகளை நடத்தக் கைக்காசு போட்டு அலைந்தவர்கள் ஜப்பானிய வக்கீல்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 2003 ஆகஸ்ட் 4, வடகிழக்கில் சிசிஹார் நகரம். கட்டடம் கட்டத் தோண்டியபோது ஐந்து இரும்புப் பீப்பாய்கள் கிடைத்தன. பழைய இரும்புக்காரர் வாங்கிப் போனார், உள்ளே இருந்தது மண்ணில் கொட்டியது, அந்த மண்ணை வேறு இடங்களில் நிரவினார்கள். ஜப்பானியப் படை விட்டுப்போன கடுகு வாயு. பழைய இரும்புக்காரர் இறந்தார், நாற்பது பேருக்கு மேல் உடம்பெல்லாம் கொப்புளம். ஜிலின் மாகாணத்து ஹாயர்பாலிங்கில் இப்படிப் புதைத்துவைத்த குண்டுகளை ஜப்பான் தன் செலவில் இன்றும் தோண்டி அழித்துக்கொண்டிருக்கிறது. போர் ஏன் ஆறவில்லை என்று நானேதான் கேட்டேன். அங்கே அது மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது.

---

பொருநைக்கரை | செப்டம்பர் 20, மாலை 4:50

லியூ கதையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா, ‘அந்தப் புள்ள அப்பன அடையாளம் கண்டுச்சா’ என்று கேட்டார். நேற்று நான் எழுதியதில் வெற்றி பெற்றவர்கள் எழுதிய வரலாறு என்ற வரியை எடுத்துவிடுகிறேன். திருத்த முடியவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். டீச்சர், இவ்வளவுக்கும் நடுவில் யாராவது நல்லபடி நடந்துகொண்டார்களா?

---

வரலாற்று டீச்சர் | செப்டம்பர் 20, இரவு 9:25

நடந்துகொண்டார்கள். இரண்டு இடம் சொல்கிறேன்.

வடகிழக்குச் சீனாவின் ஃபுஷுன் சிறை. 1950-ல் சோவியத் கையளித்த ஜப்பானியப் போர்க் கைதிகள் கிட்டத்தட்ட ஆயிரம் பேர் அங்கே இருந்தார்கள். காவலர்களில் சிலர் ஜப்பானியப் படையிடம் குடும்பத்தையே பறிகொடுத்தவர்கள். கைதிகளை அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. கைதிகளுக்கு வெள்ளை அரிசிச் சோறு, காவலர்களுக்குச் சோளம். முதலில் கைதிகள் கொல்லும்முன் போடும் சாப்பாடு என்று பயந்தார்கள். வருஷக்கணக்கில் அப்படியே நடந்தபோது ஒவ்வொருவராகத் தாங்கள் செய்ததை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். சிறையில் எழுதிய வாக்குமூலம் எவ்வளவு தானாக வந்தது என்று கேட்பவர்கள் உண்டு, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 1956-ல் சீனா முழுக்கவே 45 பேர்மீது மட்டும் வழக்கு நடந்தது, ஒருவருக்கும் மரண தண்டனை இல்லை. மற்றவர்கள் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். போனவர்கள் 1957-ல் சங்கம் அமைத்து, மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள் என்ற ஏச்சையும் வாங்கிக்கொண்டு, நான் கொன்றேன், நான் தீவைத்தேன் என்று 2002-ல் வயதாகிச் சங்கம் கலையும்வரை ஊர் ஊராகச் சொன்னார்கள். ஜப்பானிலேயே இருந்துகொண்டு, யாரும் கட்டாயப்படுத்தாமல், நாற்பது வருஷத்துக்கு மேல்.

அடுத்தது மஞ்சூரியாவில் விடப்பட்ட பிள்ளைகள். நிலம் தருகிறோம் என்று ஜப்பான் அரசு சொந்த ஏழை விவசாயிகளையே மஞ்சூரியாவில் குடியேற்றியது, சுமார் 2,70,000 பேர். அதில் நிறையப் பேருக்குக் கிடைத்தது சீன விவசாயியிடம் பிடுங்கிய நிலம். 1945 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் படை நுழைந்தபோது குவாண்டுங் படை இவர்களை விட்டுவிட்டு ஓடியது. தப்பி நடந்ததில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். வழியில் பிள்ளைகளைச் சீனக் குடும்பங்களிடம் விட்டுப் போனார்கள். யாருடைய நிலத்தைப் பிடுங்கினார்களோ அந்த ஊர் மக்கள்தான் எதிரியின் பிள்ளையைச் சோறு போட்டு வளர்த்தார்கள். 1981-லிருந்து ஜப்பான் அவர்களைத் தேடி அழைக்க ஆரம்பித்தது. 2,800 பேர்வரை அங்கீகரித்தார்கள். நாற்பது வயதில், ஜப்பானிய மொழி ஒரு வார்த்தை தெரியாமல், சொந்த நாட்டுக்குப் போனார்கள். வளர்த்த அம்மா பெரும்பாலும் சீனாவிலேயே தங்கிவிட்டார்.

ஃபாங்ஜெங் என்ற ஊரில், வழியில் செத்த குடியேறிகளின் எலும்பைச் சேர்த்து 1963-ல் சௌ என்லாய் ஒப்புதலோடு கல்லறை கட்டினார்கள். வளர்த்த பெற்றோருக்கும் அங்கே ஒரு கல்லறை உண்டு. 2011-ல் இறந்த குடியேறிகளின் பெயரைப் பொறித்துச் சுவர் எழுப்பியபோது, வெளியூரிலிருந்து ஐந்து பேர் வந்து சிவப்பு மையை ஊற்றிச் சுத்தியலால் அடித்தார்கள். இணையத்தில் அவர்களுக்குக் கைதட்டல். சில நாளில் சுவரையே எடுத்துவிட்டார்கள். எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. 1963-ல் பசியோடு இருந்த சீனா கட்டியதை, 2011-ல் வசதியான சீனா உடைத்தது.

---

நேர்கோடு | செப்டம்பர் 21, காலை 6:58

டீச்சர், இதைத்தான் முதல் நாளே சொல்ல நினைத்தேன், சொல்லத் தெரியவில்லை. நன்றி.

---

கிள்ளான் பேரன் | செப்டம்பர் 21, காலை 8:44

மூன்றாம்மாடி, ஒரு உதவி. அந்த எஞ்சின் இருக்குற கூடத்துல படம் எடுக்க விடுவாங்களா? எங்கம்மாவுக்கு 71 வயசு. தாத்தா போன பாதையில ஓடுன வண்டின்னு நேத்து சொன்னேன். எங்க இருக்கு, பாக்கணும்னு சொல்றாங்க. சக்கரமும் நம்பர் தகடும் தெரியுற மாதிரி கிடைச்சா போதும்.

---

மூன்றாம்மாடி | செப்டம்பர் 21, காலை 9:20

அந்தக் கூடத்துக்கு டிக்கெட்கூடத் தேவையில்லை. சனிக்கிழமை காலை போய் எடுத்து அனுப்புகிறேன். தாத்தா பெயரும் எந்தத் தோட்டம் என்பதும் தனிமடலில் எழுதுங்கள். அங்கே நிற்கும்போது ஒருமுறை சொல்லிவிட்டு வருகிறேன்.